ஒன்னும் கேக்காத சாமி

மெர்டேக்கா, அதான் நாட்டுச் சுதந்திரம், முடிஞ்சு பத்து நாளாச்சு. ஊரே கொடி கட்டி, வாணம் விட்டு ஓஞ்சு போச்சு. எனக்கு மட்டும் இன்னும் ஒரு எடத்துல உக்கார முடியல. சோத்துல கை வச்சா எந்திரிக்கணும் போல இருக்கு. எந்திரிச்சா எங்க போறதுன்னு தெரியல. காஜா பேராங் ரோட்டை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துக்கிட்டே இருக்கேன். என் பெண்சாதி பொன்னம்மா, "ரோட்டை அளந்து சர்வே ஆபீஸ்ல குடுக்கப் போறீங்களா?"ன்னு கேக்குறா. கேக்கட்டும். நடந்ததை ஒரு தடவை முழுசாச் சொல்லிடுறேன், அப்பவாவது கால் நிக்குதான்னு பாப்போம்.

நான் ஜெயபாலன். இங்க இருக்கிற சின்னத் தமிழ்ச் சபைக்கு உபதேசியார். உபதேசியார்னா பாதிரியார் இல்ல. பாடம் சொல்லலாம், ஜெபம் பண்ணலாம், செத்த வீட்டுல பாட்டுப் பாடலாம், அவ்வளவுதான். ஞானஸ்நானம் குடுக்க அதிகாரம் கெடையாது. அதுக்கு மூணு மாசத்துக்கு ஒருக்கா கோலாலம்பூர்ல இருந்து போதகர் தம்பிராஜா தம்பின் ஸ்டேஷன் வரைக்கும் ரயில்ல வந்து, அங்கேர்ந்து பஸ் புடிச்சு வருவார். நானும் அவர் மாதிரி ஆகணும்னு எட்டு வருஷமாத் தவம் கெடக்கேன். சிங்கப்பூர் போய்ப் படிக்கணும். போறதுக்கு சபைக் கமிட்டித் தலைவர் ஒரு கடிதம் எழுதிக் குடுக்கணும்.

தலைவர் பொன்னுதுரை ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர். கவர்ன்மெண்ட்டுல பெரிய கிளார்க்கா இருந்து ரிடையரானவர். அவர் பேனாவைத் தெறந்தாலே நான் எந்திரிச்சு நிப்பேன். எனக்குக் கோவம் மூக்கு நுனியில இருக்குன்னு ஊரே சொல்லும், உண்மைதான். ஆனா அந்தக் கோவம் ஆள் பாத்துத்தான் வரும். வெக்கக்கேடு, என்ன பண்றது, ஒத்துக்கிடுறேன்.

புதன்கிழமை சாயங்காலம் என் வீட்டு முன்னறையில பாடம். புதுசா சபைக்கு வர்றவங்க அஞ்சாறு பேரு பாயில உக்காந்து கேப்பாங்க. எனக்குப் புடிச்ச பாடம் பைபிள்ல வர்ற பவுல் காலத்துச் சண்டை. அதை நான் கைய ஆட்டி ஆட்டிச் சொல்லுவேன். யூதர் அல்லாத சனங்க இயேசுகிட்ட வந்தப்ப, மூத்தவங்க சில பேரு வாசல்ல நின்னு மறிச்சாங்க. சும்மா வந்துட முடியாது, மொதல்ல விருத்தசேதனம் பண்ணிக்க, எங்க நியாயப்பிரமாணச் சட்டம் அத்தனைக்கும் தலையாட்டு, அப்புறம் உள்ள வான்னாங்க.

"விருத்தசேதனம்னா என்னா சார்?"ன்னு பூங்காவனம் அக்கா கேட்டாங்க.

"நம்ம உமர் பாய் வீட்டுல புள்ளைக்குப் பண்ணாங்களே சுன்னத்து, அதுதான்க்கா."

"அய்யய்யோ! பெரிய ஆம்பளைங்களுக்கா?"

எல்லாரும் சிரிச்சோம். "அதான் பவுலுக்குக் கோவம் வந்துச்சு. கிருபைங்கிறது சும்மா குடுக்கிறதுய்யா, அதுக்கு வாசல்ல நின்னு சுங்கம் வாங்க நீங்க யாருன்னு குதிச்சுட்டார்"ன்னு நான் சொன்னேன். அன்னைக்கு நான்தான் பவுல்னு எனக்கு நெனப்பு.

பூங்காவனம் அக்காவைப் பத்திச் சொல்லணும். நாப்பது வயசு. முனிசிபல்ல ரோடு கூட்டுற வேலை. வீட்டுக்காரர் அப்பாசாமியும் முனிசிபல்தான், சாக்கடை வெட்டுறவர். ரெண்டு பேரும் முனிசிபல் ஆளுங்களுக்கு வரிசையாக் கட்டின லைன் வீட்டுல இருக்காங்க. மூணு புள்ளை பெத்து மூணும் ஒரு வருஷம் தாங்கல. அதனால அக்கம் பக்கத்துல கல்யாணம், வளைகாப்புன்னா அக்காவைக் கூப்பிட மாட்டாங்க, எதிர வந்தாக்கூட சில பேரு ஒரு நிமிஷம் நின்னுட்டுப் போவாங்க. அக்காவும் விடாம எல்லாம் செஞ்சு பாத்தாச்சு. தீச்சட்டி எடுத்தாங்க, மண்சோறு சாப்புட்டாங்க, மொட்டை போட்டாங்க. அப்பாசாமி அண்ணன் கூடவே போய்க் கூடவே வந்தார். அவருக்கு அம்மன்னா உசிரு. பெண்சாதி எங்ககிட்ட வரப் போறேன்னப்ப, "உனக்கு எது நிம்மதியோ அங்க போ, என்னை மட்டும் இழுக்காத"ன்னு சொல்லிட்டார். அந்த மனசு யாருக்கு வரும்?

அன்னைக்குப் பாடம் முடிஞ்சு எல்லாரும் போனப்புறமும் அக்கா பாயை விட்டு எந்திரிக்கல.

"அப்போ நானும் ஒன்னும் செய்ய வேணாமா சார்?"

"ஒன்னும் வேணாங்க்கா. எப்படி இருக்கீங்களோ அப்படியே வாங்க."

"நெசமா?"

"நெசமா."

அக்கா கண்ணுல பொலபொலன்னு தண்ணி. "நான் கும்புட்டது எல்லாத்துக்கும் ஏதாச்சும் செஞ்சுக்கிட்டே இருந்தேன் சார். எங்க கொறை வச்சேன்னு யோசிச்சு யோசிச்சே தூக்கம் போச்சு. ஒன்னும் கேக்காத சாமின்னு ஒன்னு இருக்குன்னு இன்னைக்குத்தான் கேள்விப்படுறேன்"னு சொல்லி மூக்கை உறிஞ்சுக்கிட்டே போனாங்க. எனக்குப் பெருமை தாங்கல. பொன்னம்மாகிட்ட ரெண்டு தடவை சொன்னேன்.

அப்புறம் ஆறு மாசம் பாடம் ஓடுச்சு, ஆகஸ்ட் இருபத்தஞ்சாம் தேதி ஞாயிறு ஞானஸ்நானம்னு நாள் குறிச்சாச்சு. பேரு பட்டியலைக் கொண்டுக்கிட்டு பொன்னுதுரை ஐயா வீட்டுக்குப் போனேன். ஐயா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு பட்டியலை மேலேர்ந்து கீழ படிச்சார். பூங்காவனம் பேருல விரல் நின்னுது.

"இவவின்ர புருஷன் வரேல்லையோ?"

"இல்லைங்கய்யா. அவர் வர மாட்டார். ஆனா தடுக்கல."

"அப்ப தாலி?"

எங்க சபையில ஒரு விதி உண்டு. அம்மன் பொட்டுத் தாலியோட ஞானஸ்நானம் கெடையாது. புருஷன் பெண்சாதி ரெண்டு பேரும் வந்தா, பழசைக் கழட்டிட்டு அன்னைக்கே புருஷன் சிலுவைத் தாலி கட்டிடுவார், தொல்லை இல்லை. ஆனா புருஷன் வராட்டி யார் கட்டுறது? வேற ஆம்பளை கட்ட முடியுமா? அப்போ வெறுங்கழுத்துத்தான். இந்த விதி எனக்குத் தெரியாமலா இருந்துச்சு? தெரியும். பேச்சு வேகத்துல மறந்துட்டேனா, இல்ல பாத்துக்கலாம்னு விட்டுட்டேனா, இப்ப யோசிச்சாலும் சரியாச் சொல்லத் தெரியல.

"ஐயா, அவங்க புருஷன் உசிரோட இருக்கார்..."

"இஞ்ச பாரும் ஜெயபாலன்." ஐயா கண்ணாடியைக் கழட்டினார். கோவமாப் பேசல, அதுதான் கஷ்டம். "நான் ஞானஸ்நானம் எடுக்கேக்க எனக்குப் பத்தொன்பது வயசு. என்ர அம்மா கதவைச் சாத்தினவ. பேந்து அவ செத்ததுக்குக்கூட எனக்குச் சொல்லி அனுப்பேல்ல. நான் குடுத்திட்டுத்தான் வந்தனான். ஒண்டும் குடுக்காமல் வாறவை ஒண்டையும் வச்சிருக்க மாட்டினம். கழட்டாமல் ஏலாது." அப்புறம் மேசை டிராயரைத் தெறந்து ஒரு வெள்ளைக் காகிதத்தை எடுத்து வச்சார். "உம்மட கடிதம் இந்தக் கிழமை எழுதுவம் எண்டிருக்கிறன்."

அந்த எடத்துல நான் குதிச்சிருக்கணும். பவுல் மாதிரி. குதிச்சேனா? "சரிங்கய்யா"ன்னு சொல்லிட்டு டீயைக் குடிச்சிட்டு வந்தேன்.

மறுநாள் அப்பாசாமி அண்ணன் வேலைக்குப் போயிருக்கிற நேரமாப் பாத்து லைன் வீட்டுக்குப் போனேன். அக்கா வாசல்ல உக்காந்து முருங்கைக்கீரை உருவிக்கிட்டு இருந்தாங்க. எப்படியோ சொன்னேன்.

"ஒரு நாளைக்குத்தாங்க்கா. ஞாயித்துக்கிழமை காலையில கழட்டி முந்தானையில முடிஞ்சுக்கங்க. வீட்டுக்கு வந்ததும் போட்டுக்கங்க. அண்ணனுக்குத் தெரிய வேணாம்."

அக்கா கீரையை உருவுறதை நிறுத்தினாங்க. கை தன்னால கழுத்துக்குப் போச்சு.

"அப்போ இந்த சாமியும் கேக்குது"ன்னாங்க.

"சாமி கேக்கலைங்க்கா, சபை..."

"சரி சார்."

அவ்வளவுதான். ஒரு வார்த்தை எதுத்துப் பேசல. பேசியிருந்தாத் தேவல. நான் வீட்டுக்கு வந்து பொன்னம்மாகிட்டச் சொன்னேன். அவ அடுப்பை ஊதிக்கிட்டே, "ஆறு மாசமா சுன்னத்து வேணாம், சுன்னத்து வேணாம்னு தொண்டை கிழியக் கத்தினீங்க. இப்ப நீங்களே கத்தியைத் தீட்டிட்டு வந்திருக்கீங்க"ன்னா. எனக்கு வந்துச்சே கோவம்! தண்ணிச் செம்பைத் தூக்கி அடிச்சேன். பெண்சாதிகிட்ட மட்டும் எனக்குக் கோவம் எப்படி ரெடியா இருக்கு பாருங்க.

அந்த வாரம் பூரா தூக்கம் இல்ல. ஊருல மெர்டேக்காவுக்கு வளைவு கட்டுறாங்க, கொடி விக்கிறாங்க, பிரஜாவுரிமைக்கு ஃபாரம் எழுதிக் குடுங்க சார்னு ஆளுங்க வாசல்ல நிக்கிறாங்க. எழுதிக் குடுத்தேன். எழுதினதுல பாதியைத் தப்பா எழுதிக் கிழிச்சுப் போட்டேன். போய் அக்காகிட்ட கழட்ட வேணாம்னு சொல்லிடலாமான்னு மூணு தடவை லைன் வீட்டு முக்கு வரைக்கும் போனேன். மூணு தடவையும் கடிதம் ஞாபகம் வந்துச்சு, திரும்பி வந்தேன்.

ஞாயிறு வந்துச்சு. இதுக்கப்புறம் லைன் வீட்டுல நடந்தது பக்கத்து வீட்டு மல்லிகா எனக்குப் பின்னாடி சொன்னது. எங்க சபையில ஞானஸ்நானத்துக்கு வெள்ளைப் புடவைதான் கட்டணும். பெண்டஹாரா ரோட்டுக் கடையில நான்தான் வாங்கிக் குடுத்தேன். அக்கா விடியக்காலை குளிச்சு, வெள்ளைப் புடவை கட்டி, தாலியைக் கழட்டி முந்தானையில முடிஞ்சுக்கிட்டு, பொட்டும் வைக்காம, பூவும் வைக்காம, தலையைக் குனிஞ்சுக்கிட்டு விறுவிறுன்னு லைனைத் தாண்டிப் போனாங்க. அழுதுக்கிட்டே வேற போயிருக்காங்க.

மல்லிகா கொழாயடியில கொடத்தோட நிக்கிறா. வெள்ளைப் புடவை, வெறுங்கழுத்து, வெறும் நெத்தி, கண்ணுல தண்ணி. இதைப் பாத்த தமிழச்சி என்ன நெனைப்பா? கொடத்தை அங்கேயே போட்டுட்டு, "அய்யோ, பூங்காவனத்துக்குத் தாலி போயிடுச்சுடி!"ன்னு ஒரே ஓட்டமா அவங்க வீட்டுக்குள்ள ஓடியிருக்கா. அங்க அப்பாசாமி அண்ணன் சனிக்கிழமைக் கள்ளு மயக்கத்துல தலையோட கால் வேட்டியைப் போத்திக்கிட்டு நீட்டி நிமிந்து கெடக்கார். இன்னும் என்ன சாட்சி வேணும்? மல்லிகா மாரடிச்சுக்கிட்டு ஒப்பாரியே எடுத்துட்டா. நாலு வீட்டுப் பொம்பளைங்க வந்து கட்டிப்புடிச்சு அழ ஆரம்பிச்சிருக்காங்க. யாரோ கால் கட்டைவெரலைக் கட்டத் துணி தேடுறப்பத்தான் பொணம் எந்திரிச்சு உக்காந்து, "என்னாங்கடி?"ன்னு கேட்டிருக்கு.

சிரிப்பு வருதில்ல? எனக்கும் மல்லிகா சொன்னப்ப வந்துச்சு. ஆலயத்துல வரல.

ஆலயத்துல போதகர் தம்பிராஜா ஜெபத்தை முடிச்சுட்டு ஞானஸ்நானத் தொட்டிகிட்ட நின்னார். நான் பக்கத்துல துண்டோட. அக்கா முழங்கால் போட்டிருந்தாங்க. கழுத்து வெறிச்சுன்னு இருந்துச்சு, அந்தப் பக்கம் என்னால பாக்கவே முடியல. போதகர் தண்ணியில கைய வச்சார். வாசல்ல தடதடன்னு சத்தம். அப்பாசாமி அண்ணன், சட்டை இல்லாம, வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு உள்ள வந்தார். பின்னாடியே தலைவிரி கோலமா அஞ்சு பொம்பளைங்க.

"நான் செத்தா போயிட்டேன்?"

அண்ணன் நேரா முன்னாடி வந்து பெண்சாதியைப் பாத்தார். பாத்ததும் குரல் அப்படியே எறங்கிப் போச்சு.

"யாரு புள்ள கழட்டச் சொன்னது?"

அக்கா வாயைத் தெறக்கல. என் பக்கம் திரும்பக்கூட இல்ல. அண்ணன் எல்லாரையும் ஒரு சுத்து பாத்து, "யாரு சொன்னா?"ன்னு இன்னொரு தடவை கேட்டார். நான் துண்டைப் புடிச்சுக்கிட்டு நின்னேன். வாய்ல வார்த்தை வந்துச்சு, முழுங்கிட்டேன்.

பொன்னுதுரை ஐயாதான் எந்திரிச்சார். "இது எங்கட சபை விதி. அந்தத் தாலியோட இஞ்ச ஞானஸ்நானம் இல்லை."

"போட்டிருந்தா தண்ணி ஊத்த மாட்டீங்களா?"

"இல்லை."

"கழட்டுனாத்தான் ஊத்துவீங்களா?"

"ஓம்."

சண்டை போடப் போறார், தொட்டியைத் தூக்கிப் போடப் போறார்னு நான் நெனைச்சேன். அவர் கீழ பாத்தார். அக்கா தோள் குலுங்கிக்கிட்டு இருந்துச்சு.

"அது நான் உசிரோட இருக்கேன்னு சொல்ற கயிறுங்க"ன்னார். "பரவால்ல. இவ ஆறு மாசமா ராத்திரி நல்லாத் தூங்குறா. மூணு புள்ளை போனதுல இருந்து தூங்காதவ." மல்லிகா பக்கம் திரும்பி, "அழுவுறதுன்னா அழுங்கடி. நான் செத்தவனாவே இருந்துட்டுப் போறேன்"ன்னார். போதகரைப் பாத்துக் கையெடுத்துக் கும்புட்டார். "ஊத்துங்க சாமி." சொல்லிட்டுப் போய் வாசப்படி ஓரமா தரையில உக்காந்துட்டார்.

அக்கா முழங்கால்லேர்ந்து எந்திரிச்சாங்க. நேரா என்னைப் பாத்தாங்க.

"சார், நீங்க மொதல்ல சொன்னது நெசமா, ரெண்டாவது சொன்னது நெசமா?"

"மொதல்ல சொன்னதுதான்!" அது என் குரலான்னு எனக்கே தெரியல, அவ்வளவு சத்தம். "மொதல்ல சொன்னதுதாங்க்கா நெசம். அப்படியே வாங்கன்னு சொன்னதும் நான், கழட்டுங்கன்னு வந்து சொன்னதும் நான். எனக்கு ஒரு கடிதம் வேணும், அதுக்காக உங்க கழுத்துல கைய வச்சேன். ஐயா, கேளுங்க! பவுல் எதுக்குச் சண்டை போட்டார்? வாசல்ல நின்னு வரி கேக்காதன்னு. நாம இங்க நின்னு ஒரு மனுசனோட உசிரைக் கேட்டிருக்கோம். அவரும் குடுத்துட்டார்! நம்மள்ல யார் குடுப்போம்? நான் குடுப்பேனா? ஒரு காகிதத்தை விட முடியல என்னால."

"ஜெயபாலன், உக்காரும்"ன்னார் பொன்னுதுரை ஐயா.

"உக்கார மாட்டேன்!"

போதகர் தொட்டியிலேர்ந்து கையை எடுத்தார். விரல்லேர்ந்து தண்ணி சொட்டிக்கிட்டு இருந்துச்சு. "இந்த விதியை யாருங்க எழுதினது?"ன்னு அமைதியாக் கேட்டார்.

"எங்கட கமிட்டி. முப்பத்தொண்டாம் ஆண்டு."

"அப்போ நாமதான் எழுதியிருக்கோம்"ன்னு சொல்லிட்டு, வாசல் பக்கம் பாத்து, "அண்ணே, வாங்க. வந்து கட்டுங்க"ன்னார்.

அப்பாசாமி அண்ணனுக்கு மொதல்ல புரியல. மல்லிகாதான் புடிச்சுத் தள்ளிவிட்டா. அக்கா முந்தானை முடிச்சை அவுத்துக் குடுத்தாங்க. அண்ணன் கட்டினார். அழ வந்த பொம்பளைங்க என்ன செய்யுறதுன்னு தெரியாம, பழக்கத்துல, குலவை போட்டுட்டாங்க. எங்க ஆலயத்துல அதுக்கு முன்னாடி யாரும் குலவை போட்டதில்ல. போதகர் தண்ணியை அள்ளி அக்கா தலையில மூணு தடவை ஊத்தினார். அது நெத்தியில எறங்கி, கழுத்துல எறங்கி, அம்மன் பொட்டையும் நனைச்சுக்கிட்டு எறங்குச்சு.

பொன்னுதுரை ஐயா வேதப்புத்தகத்தை மூடிக்கிட்டு எந்திரிச்சார். என்னைத் தாண்டிப் போறப்ப நின்னார். முகத்துல கோவம் இல்ல, அடிபட்ட மாதிரி இருந்தார். "அப்ப என்ர அம்மாவை நான் என்னத்துக்கு விட்டனான்?"ன்னு கேட்டார். அவர் போயிட்டார். கடிதம் இனி வராது, அது எனக்குத் தெரியும். அதைவிட அவர் கேட்டதுதான் குத்துது.

ஆராதனை முடிஞ்சு எல்லாரும் வெளிய வந்தாங்க. அக்காவைச் சுத்திப் பொம்பளைங்க நின்னாங்க. அப்பாசாமி அண்ணன் வெளிக் கேட் பக்கத்துல பீடி பத்த வச்சுக்கிட்டு இருந்தார். நான் போய் நின்னேன்.

"அண்ணே, என்னை மன்னிச்சிருங்க. நீங்க யாரு சொன்னதுன்னு கேட்டப்ப நான் வாயை மூடிக்கிட்டு நின்னேன்."

"நீங்கதான்னு எனக்கு அப்பவே தெரியும் சார்."

"அக்கா சொல்லிட்டாங்களா?"

"அவ எங்க சொன்னா? நான் கேட்டப்ப எல்லாரும் என் மூஞ்சியப் பாத்தாங்க. நீங்க மட்டும் தரையப் பாத்தீங்க."

"தெரிஞ்சுமாண்ணே என் சட்டையைப் புடிக்கல?"

"உங்க தலைவர் முன்னாடி புடிச்சு ரகளையாக்குனா உங்க சிங்கப்பூர் படிப்பு போயிருமே. பூங்காவனம் தெனம் சொல்லுவா, சார் எட்டு வருசமா ஆசைப்படுறாருன்னு." அண்ணன் பீடியை ஒரு இழுப்பு இழுத்தார். "ஒருத்தன் செத்தாப் போதும் சார், ரெண்டு பேரு எதுக்கு?"

சொல்லிட்டு, அக்காவைக் கூப்பிட்டுக்கிட்டு, வீட்டைப் பாத்து நடந்தார்.